இரண்டாயிரத்து ஐம்பதில் சீங்காடு

அட்டவணையின் பத்தொன்பதாவது வரியில் அந்தப் பெயர் வந்ததும் அன்னபூர்ணி, “கொஞ்சம் நில்லுங்க மாதவ்” என்றார்.

மாதவ் திரையை நகர்த்துவதை நிறுத்தினார். சீங்காடு. இப்போது இருக்கும் வீடுகள் எழுபத்தொன்று. 2050-இல் இருக்கக்கூடியவை பதினெட்டு. பரிந்துரை: குழாய் தேவையில்லை, டேங்கர் போதும்.

அது 2024 மார்ச் மாதம். முந்தைய ஆண்டு மழை பொய்த்திருந்தது. மைசூரில் அவர்கள் வேலை பார்த்த நீர்த்திட்ட அலுவலகம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் தாலூகாவின் வறண்ட மூலையில் கிடக்கும் இருபத்திரண்டு கிராமங்களுக்கு அடுத்த இருபத்தைந்து ஆண்டுக்கான குடிநீர்த் திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தது. காவிரியிலிருந்து தண்ணீரை மேலேற்றி ஊர் ஊராகக் குழாயில் கொண்டுபோவது என்பது முடிவாகிவிட்டது. எந்த ஊருக்கு எவ்வளவு, எந்த ஊருக்கு இல்லை என்பதுதான் மிச்சம். ஐம்பது வீட்டுக்குக் கீழே குறையப்போகிற ஊருக்குக் குழாய் கிடையாது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள்.

அன்னபூர்ணிக்கு ஐம்பத்து மூன்று வயது. அவருடைய அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை கிடைத்து ஜோலார்பேட்டையிலிருந்து மைசூருக்கு வந்தவர். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம் என்று வளர்ந்து, பொறியியல் படித்து, இந்த அலுவலகத்தில் இருபத்தேழு வயதில் சேர்ந்தவர் அன்னபூர்ணி. இப்போது திட்டப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. மாதவ் அவருக்குக் கீழே உதவிப் பொறியாளர். கணக்கில் கெட்டிக்காரர். அவரும் தமிழ் வீட்டுப் பிள்ளை என்பதால் தனியாக இருக்கும்போது இருவரும் தமிழில் பேசிக்கொள்வார்கள்.

“முன்னாடி இந்த ஊர்ல எத்தனை வீடு இருந்தது?” என்று கேட்டார் அன்னபூர்ணி.

“தொண்ணூத்தொம்பதுல இருநூத்திப் பதினாலு மேடம். அப்புறம் ஒவ்வொரு கணக்கெடுப்புலயும் கொறைஞ்சுட்டே வருது. வரைபடத்துல அந்தக் கோட்டை அப்படியே நீட்டினா பதினெட்டுல வந்து நிக்குது.”

“ஏன் கொறைஞ்சுது?”

“ஜனங்க ஊரை விட்டுப் போயிட்டாங்க.”

“ஏன் போனாங்க?”

மாதவ் உதட்டைப் பிதுக்கினார். “அதுக்கு நம்ம அட்டவணையில எடம் இல்லையே மேடம். விடுங்க, சின்ன ஊரு. இன்னும் மூணு வரிதான் பாக்கி.”

மீதி மூன்று வரிகளையும் பார்த்து முடித்தபின் அன்னபூர்ணி மாடியிலிருந்த பழைய கோப்பு அறைக்குப் போனார். தேடியது கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. 1999-ஆம் ஆண்டின் திட்ட அறிக்கை. அறுபத்து மூன்றாம் பக்கத்தில் தட்டச்சு எழுத்தில் இருந்தது: “2025-இல் சீங்காட்டில் முந்நூற்று நாற்பது வீடுகள் இருக்கும். ஊரிலுள்ள நான்கு ஆழ்துளைக் கிணறுகளின் நீர் அதுவரைக்கும் போதும். ஆற்றுநீர் தேவையில்லை.” கீழே அவருடைய கையெழுத்து. இருபத்தெட்டு வயதுக் கையெழுத்து. எழுத்துகள் அப்போது இன்னும் உருண்டையாக இருந்தன.

அதற்கும் கீழே ஒரு வரி. கிணற்றில் மோட்டார் ஓட்டிச் சோதித்த மாதம்: நவம்பர்.

அந்த வரியின் பொருள் துறையில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். ஒரு கிணறு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டுமானால் கோடையின் உச்சத்தில், ஏப்ரலில் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துக்குப் பெரிய மழையே ஐப்பசியில்தான். மழை நின்ற சூட்டோடு போய் மோட்டாரைப் போட்டால் எந்தக் கிணறும் நல்ல கிணறுதான். அறிக்கையை டிசம்பருக்குள் அனுப்ப வேண்டும் என்று மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள். அப்போதைய அதிகாரி, “நவம்பர்லயே முடிச்சுடு, என்ன கெட்டுப்போச்சு” என்றார். அன்னபூர்ணி மறுத்துப் பேசவில்லை. மூன்று நாள் இரவும் பகலுமாக மோட்டார் ஓடியது. நீர்மட்டம் ஒரு சாண்கூட இறங்கவில்லை. மகிழ்ச்சியாகத்தான் எழுதினார்.

கோப்பை மாதவிடம் காட்டவில்லை. மறுநாளைக்கு ஜீப் வேண்டும் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

*

கொள்ளேகால் தாண்டி, ஹனூர் தாண்டி, கௌதள்ளியில் தேநீர் குடித்துவிட்டுச் சீங்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. ஊருக்குப் பின்னால் காடும் மலையும். முன்னால் காய்ந்த மானாவாரி நிலம். தெருவில் மூன்று வீட்டுக்கு இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது. சில வீடுகளில் பூட்டுகூட இல்லை, ஓடு சரிந்து உள்ளே ஆமணக்குச் செடி முளைத்திருந்தது.

பஞ்சாயத்தின் வாட்டர்மேன் கந்தசாமி வந்து சேர்ந்தார். அறுபதை நெருங்கும் வயது. ஊரின் மோட்டாரும் வால்வும் முப்பது வருடமாக அவர் பொறுப்பு.

“நாலு போர் இருந்துதுங்க மேடம். ஒண்ணு ரெண்டாயிரத்தி நாலுலயே காத்தடிச்சுப் போச்சு. அப்புறம் காடு வெச்சிருக்கற வெவசாயிங்க ஆளாளுக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாதுங்க. ஊர்ல நாலு போருக்கு மேல யாரும் போடமாட்டாங்கன்னு எவன் எழுதி வெச்சான்?”

எழுதி வைத்தது அன்னபூர்ணிதான். அதுவும் அந்த அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

“கடைசியா ஆயிரத்தி நூறு அடி போட்டாங்க. வெறும் மண்ணுப் பொகைதான் வந்துது. இப்ப வாரத்துக்கு ரெண்டு டேங்கருங்க. ஆனா முன்னாடி ஒருக்கா இங்க தண்ணி என்னமா இருந்துது தெரியுங்களா? மைசூர்ல இருந்து ஒரு மேடம் வந்து மூணு நாளு மோட்டாரை நிறுத்தாம ஓட்டுனாங்க. ஊரே குளிச்சுது. மாட்டையெல்லாம் கொண்டாந்து கழுவுனோம். திருவிழா கணக்கா இருந்துதுங்க. அந்தப் புள்ள காலத்துக்கும் தண்ணி இருக்கும்னு சொல்லிப்போட்டுப் போச்சு.”

கந்தசாமி சிரித்தபடியே சொன்னார். அவர் முகத்தில் வெறுப்பில்லை. எதிரில் நிற்பவரை அடையாளம் தெரியவுமில்லை. அன்னபூர்ணி நான்தான் அது என்று சொல்லாமல் பேச்சை மாற்றினார்.

“போனவங்கெல்லாம் எங்க போனாங்க?” என்று கேட்டார்.

“திருப்பூருக்குக் கொஞ்சம், பெங்களூருக்குக் கொஞ்சம். முக்காவாசி உங்க மைசூருக்குத்தானுங்க. மண்டி மொஹல்லாவுல பழைய குடோனுக்குப் பின்னாடி சந்துல போய்க் கேளுங்க. சீங்காட்டுக் குப்புசாமின்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. பாதி ஊரு அங்கதான் குடியிருக்குது.”

மண்டி மொஹல்லா அன்னபூர்ணியின் அலுவலகத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் தனியாகப் போனார். இரும்புக் கடைகளும் மூட்டை ஏற்றும் ஆட்டோக்களும் நெருக்கிய தெருவிலிருந்து பிரிந்த சந்து அது. குப்புசாமி முதல் மாடியில் இரண்டு அறை உள்ள வீட்டில் இருந்தார். கட்டட வேலையில் சென்ட்ரிங் மேஸ்திரி. ஐம்பது வயதிருக்கும். மனைவி அஞ்சலை ஊதுபத்தி செய்யும் இடத்தில் மாவு பிசைகிற வேலைக்குப் போகிறாள். மகள் வைஷாலி நர்சிங் படிக்கிறாள், அன்று மருத்துவமனையில் பயிற்சிக்குப் போயிருந்தாள்.

குடிநீர்த் திட்ட அலுவலகத்திலிருந்து என்றதும் குப்புசாமி, “மோட்டார் வெச்சுத் தண்ணி உறிஞ்சறது நாங்க இல்லீங்க, கீழ் வீட்டுக்காரங்க” என்றார்.

“அதுக்கு வரலைங்க. சீங்காட்டைப் பத்திக் கேக்க வந்தேன்.”

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் இறுகியது. அஞ்சலை நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள். பேசுவதற்கு முன் அவள் இருமினாள். நெஞ்சின் அடியிலிருந்து வரும் வறட்டு இருமல்.

அன்னபூர்ணி விஷயத்தைச் சொன்னார். காவிரித் தண்ணீர் வரப்போகிறது. சீங்காட்டில் ஆள் குறைந்துகொண்டே போவதால் அந்த ஊரை விட்டுவிடலாம் என்று கணக்குச் சொல்கிறது. போனவர்கள் திரும்பி வருவார்களா என்று தெரிந்தால் கணக்கு மாறலாம். “தண்ணி வந்தா நீங்க திரும்பிப் போவீங்களா?”

“போகமாட்டனுங்க” என்றார் குப்புசாமி.

“நான் போவேனுங்க” என்றாள் அஞ்சலை, அதே மூச்சில்.

குப்புசாமி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இதை அவர் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறார் என்று தெரிந்தது.

“என்ன புள்ள பேசற?”

“கேக்கறாங்க, சொல்றேன்.”

பிறகு குப்புசாமி அன்னபூர்ணியின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

“எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாளுங்க. ஜோதிமணி. உள்ளூர்லதான் கட்டிக் குடுத்திருந்தோம். ரெண்டாயிரத்திப் பதினேழு ஏப்ரல்ல போர்ல சொட்டுத் தண்ணி இல்ல, டேங்கரும் பத்து நாளா வரலை. பொம்பளைங்க காட்டுக்குள்ள ஓடைப் பள்ளத்துக்குப் போயி ஊத்துத் தோண்டி எடுத்துட்டு வந்தாங்க. ஒரு நா விடியக்காலம் இவளும் அவளும் போனாங்க. ஆனை நின்னுட்டு இருந்திருக்குது.”

மீதியை அஞ்சலை சொன்னாள்.

“அதுவும் தண்ணிக்குத்தான் வந்துது. நான் முன்னாடி போயிட்டு இருந்தேன், ஜோதி பின்னாடி. சத்தம் கேட்டுது. கொடத்தைப் போட்டுட்டு ஓடுனேனுங்க. திரும்பிப் பாக்கல. ஊரு எல்லைக்கு வந்துதான் திரும்பிப் பாத்தேன். பின்னாடி யாரும் இல்ல.”

கீழே தெருவில் ஒரு ஆட்டோ பின்னோக்கி நகரும் ஒலி கேட்டது. அஞ்சலை தன் கைகளைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

“ஏழு வருசமாச்சு. அந்த மாசமே இங்க வந்துட்டோம். இவருக்கு அந்த ஊருப் பேரே ஆகாது. எனக்கு அப்படி இல்லீங்க. எனக்கு அங்க ரெண்டு ஏக்கரா மானாவாரிக் காடு இருக்குது, இங்க இந்த மாவுத் தூசி நெஞ்சுல இருக்குது. அது ஒரு பக்கம். இன்னொண்ணு... பயந்து ஓடி வந்தவளாவே சாக எனக்கு மனசு வரலைங்க. வீட்டு வாசல்ல தண்ணி வந்துதுன்னா நான் போவேன்.”

அன்னபூர்ணி தன் குறிப்பேட்டை மூடிவைத்தார். வரும்போது இதைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்து வரவில்லை. ஆனால் இனிச் சொல்லாமல் அந்த அறையில் உட்கார்ந்திருக்க முடியாது என்று தோன்றியது.

“தொண்ணூத்தொம்பதுல உங்க ஊருக்கு வந்து, நாலு போர் போதும், ஆத்துத் தண்ணி வேணாம்னு எழுதினது நான்தான்” என்றார். “அப்பவே உங்க ஊரைச் சேத்திருந்தா ரெண்டாயிரத்தி எட்டுலயே பழைய திட்டத்துல உங்களுக்குக் குழாய் வந்திருக்கும். பக்கத்துல நாலு ஊருக்கு அப்படித்தான் வந்தது.”

குப்புசாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்த மாசம் வந்தீங்க?”

“நவம்பர்.”

“நவம்பர்ல எங்க ஊர்ல சின்னக் கொழந்தையைக் கேட்டாலும் தண்ணி இருக்குதுன்னுதாங்க சொல்லும்.”

“தெரியும். அப்பவும் தெரியும்.”

குப்புசாமி எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார். படிகளில் செருப்புச் சத்தம் கேட்டு மறைந்தது. அன்னபூர்ணியும் எழுந்தார். அஞ்சலை வாசல்வரை வந்தாள்.

“உங்க தாள்ல எங்க ஊர்ல ஆளில்லைன்னு எழுதியிருக்கீங்களா?”

“ஆமா.”

“ஆளு இருக்கறோமுங்க. இங்க இருக்கறோம். அப்படி எழுதுங்க.”

*

புதன்கிழமை மாலை அலுவலக வாசலில் குப்புசாமி நின்றிருந்தார். வேலை முடிந்து சிமெண்டு படிந்த காலோடு வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு மறுத்துவிட்டார்.

“வரமாட்டேன்னு சொல்றவங்களையும் எழுதுவீங்களா?” என்று கேட்டார்.

“எழுதுவேன். அதையும் சேத்தாத்தான் கணக்கு.”

“அப்படின்னா நான் கூட்டிட்டுப் போறேன். எல்லாரும் எங்கெங்க இருக்கறாங்கன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா எனக்காக யாரையும் வரமாட்டேன்னு சொல்ல வெக்கமாட்டேன். அவளுக்காக வரேன்னும் சொல்ல வெக்கமாட்டேன்.”

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருவரும் நடந்தார்கள். மண்டி மொஹல்லாவின் சந்துகள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகள், நகர எல்லையில் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளுக்குக் கீழே தகரக் கொட்டகைகள். மூன்றாவது வாரம் மாதவும் வந்தார். யாரும் வரச்சொல்லவில்லை. சாலையோரம் பைக்கை நிறுத்திவிட்டுப் பேனாவை எடுத்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்.

அவர்கள் கேட்ட பதில்கள் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஒருவர், “எங்க வீடே இடிஞ்சு மண்ணாயிடுச்சு, எதுக்குத் திரும்பறது?” என்றார். மைசூரிலேயே பிறந்த பையன் ஒருவன், “நங்கே ஆ ஊரே கொத்தில்ல, எனக்கு அந்த ஊரே தெரியாது” என்று பாதி கன்னடத்தில் சொன்னான். ஒரு பெண், கணவன் இல்லாத நேரம் பார்த்து, “வருவேன்னு எழுதிக்கங்க, அவர்கிட்டச் சொல்லாதீங்க” என்றாள். இங்கே மாடிப்படி ஏற முடியாத ஒருவர், மண் தரையில் நடந்தால் போதும், இன்றைக்கே போகிறேன் என்றார். பலர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “தண்ணி மொதல்ல வரட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார்கள்.

நூற்றுப் பதினெட்டுக் குடும்பங்களைக் கண்டுபிடித்தார்கள். நாற்பத்தொன்று திரும்புவோம் என்றது. அறுபது மாட்டோம் என்றது. பதினேழு தெரியாது என்றது. அட்டவணையின் பதினெட்டோடு நாற்பத்தொன்றைச் சேர்த்தால் ஐம்பதைத் தாண்டியது. ஒவ்வொரு வீட்டிலும் குப்புசாமி வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே பேசியதைக் கேட்கவில்லை, பிறகு விசாரிக்கவும் இல்லை. அவருடைய சொந்த வீட்டை எப்படி எழுதுவது என்று மாதவ் தயங்கினார்.

“ரெண்டா எழுதுங்க” என்றார் குப்புசாமி. “ஒண்ணு வரும், ஒண்ணு வராது.”

*

ஏப்ரல் கடைசியில் பரிசீலனைக் கூட்டம். முந்தின நாள் மாதவ் அறிக்கையைப் படித்துவிட்டு அன்னபூர்ணியின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“மேடம், இந்தப் பத்தி வேணாம். கணக்கு சரியா இருக்கு. அவங்க ஒத்துக்குவாங்க. தொண்ணூத்தொம்பது விஷயத்தை எதுக்கு நீங்களே எழுதணும்? விளக்கம் கேப்பாங்க. ரிடையர் ஆக ஏழு வருஷம் இருக்கு உங்களுக்கு.”

“அது இல்லாட்டா கணக்கு நிக்காது மாதவ். ஆள் கொறைஞ்சதால தண்ணி வேணாம்னு சொல்றோம். தண்ணி இல்லாததாலதான் ஆள் கொறைஞ்சுது. அந்த ரெண்டாவது வாக்கியத்துக்கு என்ன ஆதாரம்னு கேப்பாங்க. ஆதாரம் என் கையெழுத்துதான்.”

மாதவ் அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தார். பிறகு, “எழுத்துப்பிழை ரெண்டு இருக்கு, திருத்திக் குடுத்துடறேன்” என்று சொல்லிவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு போனார்.

கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். நிதானமான மனிதர். கன்னடத்தில் கேட்டார்: “கோடை மாதச் சோதனை நடக்கவில்லை, அது தெரிந்தே கையெழுத்திட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இது பதிவாக வேண்டுமா?”

“ஆக வேண்டும் சார்.”

“சரி. இதற்கு நான் நடவடிக்கை எடுக்காமல் இருக்க முடியாது. அது தனி. இப்போது ஊருக்கு வருவோம். ஆற்றிலிருந்து ஏற்றப்போகும் தண்ணீரின் அளவு முடிவாகிவிட்டது. ஒரு சொட்டுகூடக் கூட்ட முடியாது. சீங்காட்டைச் சேர்த்தால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும்?”

“மற்ற இருபத்தொரு ஊர்களிலிருந்து. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பத்தைந்து லிட்டர் என்று வைத்திருக்கிறோம். ஐம்பத்து மூன்றாகும்.”

“அதை அவர்களிடம் யார் சொல்வது?”

“நான் சொல்கிறேன்.”

கௌதள்ளியில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் நடந்தது. மே மாத வெயிலில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்னபூர்ணி கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். இரண்டு லிட்டர் குறையும் என்றதும் கூட்டம் கொந்தளித்தது. தண்ணீர் வருவதற்கு முன்பே பிடுங்குகிறீர்களா என்று ஒருவர் எழுந்து கத்தினார். ஊரை விட்டுப் போனவர்களுக்கு எதற்குப் பங்கு, இருந்து பாடுபட்டவர்கள் நாங்கள் என்றார் இன்னொருவர். அது நியாயமான கேள்விதான்.

முன்வரிசையிலிருந்து நாச்சம்மாள் எழுந்தார். பக்கத்து ஊரின் பஞ்சாயத்து உறுப்பினர். சீங்காட்டுக்கும் அவருக்கும் உறவு எதுவும் இல்லை.

“எங்க ஊரும் ஒரு காலத்துல காலியாகற நெலைமைலதான் இருந்துதுங்க. பழைய திட்டத்துல எங்களுக்குக் கொழாய் வந்துது, அவங்களுக்கு வரலை. நாங்க பாடுபட்டு இருந்தோம், அவங்க ஓடிப் போயிட்டாங்கன்னு சொல்லாதீங்க. கொழாய் வந்ததால இருந்தோம். ரெண்டு லிட்டருங்கறது ரெண்டு சொம்பு. நான் தர்றேன். தரமாட்டேங்கறவங்க தரமாட்டேன்னு கையத் தூக்குங்க, யாருன்னு எல்லாரும் பாத்துக்கலாம்.”

ஊருக்கு ஒரு கை என்று எண்ணினார்கள். பதின்மூன்று ஊர்கள் சம்மதித்தன. எட்டு சம்மதிக்கவில்லை. பெரும்பான்மை என்று பதிவானது. மறுத்த எட்டு ஊர்க்காரர்களும் அன்னபூர்ணியிடம் முகம் கொடுக்காமல் எழுந்து போனார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீருக்கு ஆள் காத்திருந்தது. அவர்களைக் குறை சொல்ல அவருக்கு மனமில்லை.

*

திட்டம் ஜூலையில் ஒப்புதல் பெற்றது. ஆகஸ்டில் அன்னபூர்ணிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விசாரணை பத்து மாதம் நடந்தது. அந்தக் காலத்தில் அவசரப்படுத்திய அதிகாரி இறந்து வெகுநாளாகிவிட்டது. அவர் பெயரை அன்னபூர்ணி விசாரணையில் சொல்லவில்லை. எழுத்து மூலம் கண்டனம் தெரிவித்து, திட்டப் பிரிவிலிருந்து அவரைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓடாத பம்பு, உடைந்த குழாய், வராத தண்ணீர் என்று புகார்கள் வந்து சேரும் இடம் அது. அவருடைய பழைய நாற்காலியில் மாதவ் உட்கார்ந்தார். உட்காருவதற்கு முன்பு வந்து சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

2025 டிசம்பரில் குழாய் சீங்காட்டைத் தொட்டது. இரண்டு நாளைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் தண்ணீர். வருவோம் என்று சொன்ன நாற்பத்தொரு குடும்பங்களில் பொங்கலுக்குள் திரும்பியவை பதினாறு. இன்னும் சில வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பு முடியட்டும் என்று போய்விட்டன. 2050-இல் அந்த ஊரில் எத்தனை வீடுகள் இருக்கும் என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அஞ்சலை போனாள். குப்புசாமி போகவில்லை. வைஷாலியின் படிப்பு முடியும்வரை தான் மைசூரில் இருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு என்ன என்பதைச் சொல்லவில்லை. மனைவியை ஹனூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, பஸ் வளைவில் திரும்பும்வரை நின்றுவிட்டு வேலைக்குப் போனார். பிப்ரவரியில் ஒரு முறை மட்டும் சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுக்க ஊருக்குப் போனாராம். ஒரு பகல் இருந்தாராம். தங்கையின் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிட்டாராம். இதை வைஷாலி ஒரு நாள் மண்டி மொஹல்லாவில் அன்னபூர்ணியைப் பார்த்தபோது சொன்னாள்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, பராமரிப்புப் பிரிவின் தொலைபேசி அடித்தது. அன்னபூர்ணி எடுத்தார்.

“ஏனுங்க, அன்னபூர்ணி மேடமுங்களா? சீங்காட்டுல இருந்து அஞ்சல பேசறேன். மூணு நாளாத் தண்ணி வரலைங்க. கந்தசாமியண்ணனைக் கேட்டா மேல வால்வு போயிடுச்சு, என் கையில இல்லைங்கறாரு. ஆபீசுல கேட்டா எழுதிக் குடுங்கறாங்க. எழுதிக் குடுத்துட்டு எத்தனை நாளுங்க பாக்கறது? இங்க இருபது வீட்டுல பச்சக் கொழந்தைங்க இருக்குது. கேக்குதுங்களா?”

குரலில் கோபம் இருந்தது. இருமல் குறைந்திருந்தது.

“கேக்குதும்மா. எந்த வால்வு, கௌதள்ளி ரோட்டுல இருக்கறதா, மலைக்குப் பக்கத்துல இருக்கறதா?”

“மலைப்பக்கமுங்க.”

அன்னபூர்ணி எழுதிக்கொண்டார். மெக்கானிக்கை அழைத்து, அவர் சாக்குச் சொல்லத் தொடங்கியதும் தானே ஜீப்பில் வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். வால்வு கழற்றி மாட்டி முடிய மதியம் மூன்று மணி ஆனது. சீங்காட்டுத் தெருவில் குழாய் முதலில் காற்றையும் பிறகு செம்மண் தண்ணீரையும் துப்பி, பத்து நிமிடத்தில் தெளிந்தது. குடங்கள் வரிசையாக வந்தன. அஞ்சலை தன் குடம் நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “வாங்க, சோறு இருக்குது” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.